நிறுத்தத்தின் அரசியல்: எபிரேய வேதமும் ஓதற்குறிகளும்

யூதர்களின் ஜெபக்கூடத்தில் ஓதப்படும் தோராச் சுருளில் கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, உயிரொலிகளுக்கான குறிகளும் கிடையாது. மெய்யெழுத்துகள் மட்டும் வரிசையாக நிற்கும். ஒரு வசனம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக்கூடச் சுருள் சொல்லாது. யாராவது ஆர்வக்கோளாறில் குறிகளை அதில் எழுதிவிட்டால் அந்தச் சுருள் பொது ஓதலுக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் அதைப் பார்த்து ஓதுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் அதற்கென்று விதிக்கப்பட்ட ராகத்துணுக்கில், விதித்த இடத்தில் நிறுத்தி, விதித்த இடத்தில் சேர்த்து ஓதியாக வேண்டும். அதற்கான குறிகளெல்லாம் வேறொரு புத்தகத்தில் இருக்கின்றன. வாரம் முழுக்க அந்தப் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து, ஓய்வுநாளில் குறியில்லாத சுருளைப் பார்த்து ஓதணும். பக்கத்தில் ஒருத்தர் குறியுள்ள புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நிற்பார். அர்த்தம் மாறுகிற மாதிரி பிசகினால் விடமாட்டார். திரும்ப ஓத வைப்பார்.

ஆக, இரண்டு பிரதிகள். ஒன்று புனிதமானது, ஊமை. இன்னொன்று பேசத் தெரிந்தது, ஆனால் புனிதத்தில் ஒரு படி கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனித வாய். தெரிதாவைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கை பரபரக்கும். எழுத்து பேச்சின் வெறும் நிழல் என்று மேற்கத்தியத் தத்துவம் நெடுங்காலம் சொல்லி வந்ததை அவர் 1967இல் கேள்விக்குள்ளாக்கினார் என்பது நாம் அறிந்ததே. அல்ஜீரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவருக்குக் குறியற்ற சுருள் அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் கோட்பாட்டை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு வரலாற்றைப் பார்க்கலாம். ஏனென்றால் இந்த விஷயத்தில் வரலாறே போதுமான அளவுக்குக் கலகம் செய்கிறது.

ஓதற்குறிகளுக்கு எபிரேயத்தில் 'தெஅமிம்' என்று பெயர். ஒருமை 'தாஅம்'. இந்தச் சொல்லுக்குச் சுவை, பொருள், காரணம் என்று மூன்று அர்த்தமும் உண்டு. வாய்க்கு ருசியும் புத்திக்கு அர்த்தமும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லின் மேலோ கீழோ ஒரு குறி இருக்கும். அந்தக் குறி மூன்று வேலை செய்கிறது. சொல்லில் எந்த அசையில் அழுத்தம் என்று காட்டுகிறது. எந்த ராகத்துணுக்கில் ஓதுவது என்று சொல்கிறது. மூன்றாவது வேலைதான் நமக்கு முக்கியம்: இந்தச் சொல் அடுத்த சொல்லோடு சேருகிறதா, அதனிடமிருந்து பிரிகிறதா என்று தீர்ப்பளிக்கிறது. வசனத்தை 'எத்னாக்தா' என்ற குறி இரண்டாக வெட்டும். ஒவ்வொரு பாதியையும் அடுத்த நிலைக் குறிகள் மறுபடி வெட்டும். அதற்கும் கீழே உள்ளவை அதையும் வெட்டும். ஒன்றிரண்டு சொல் மிஞ்சுகிறவரை இந்த வெட்டு தொடரும். யோபு, நீதிமொழிகள், சங்கீதம் ஆகிய மூன்று நூல்களுக்கு மட்டும் தனி முறை. மற்ற இருபத்தொன்றுக்கும் ஒரே முறை.

பிரிக்கும் குறிகளை யூத இலக்கணக்காரர்கள் 'அரசர்கள்' என்றார்கள். சேர்க்கும் குறிகள் 'ஊழியர்கள்'. ஊழியன் தனியாக நிற்க முடியாது. தன் அரசனை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கணும். இது போதாதென்று 17ஆம் நூற்றாண்டின் கிறித்தவ எபிரேய அறிஞர்கள் அரசர்களுக்குள்ளேயே பேரரசர், மன்னர், கோமகன், குறுநிலத் தலைவன் என்று படிநிலை வகுத்தார்கள். அந்தக் காலத்து ஜெர்மானிய அரசியல் அமைப்பை அப்படியே வேதத்தின் வாக்கியத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு வாக்கியம் எப்படி இயங்குகிறது என்று யோசிக்கும்போது ஏன் மனுஷனுக்கு எஜமானும் வேலைக்காரனும் நினைவுக்கு வருகிறார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். இலக்கணம் என்பது ஒன்றுமறியாத சொல்லாடல் இல்லை என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று தேட வேண்டியதில்லை.

இந்தக் குறிகள் எழுதப்படுவதற்கு முன்பே நிறுத்தங்கள் இருந்தன, வாயிலும் கையிலும். கையில் என்பதைச் சும்மா சொல்லவில்லை. தல்மூதின் 'பெரக்கோத்' பகுதியில் ஒரு விவாதம் வருகிறது: மலம் கழித்தபின் ஏன் வலக்கையால் துடைக்கக் கூடாது? சாப்பிடும் கை என்கிறார் ஒருவர். எழுதும் கை என்கிறார் இன்னொருவர். ரபி அகிபா சொல்லும் காரணம், தோராவின் தெஅமிம்களைக் காட்டும் கை அது என்பது. வலக்கை, இடக்கை விதி நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்ததுதான், காரணம்தான் புதிது. ஓதுபவருக்குப் பக்கத்தில் நிற்பவர் கையை ஏற்றி இறக்கி ராகத்தையும் நிறுத்தத்தையும் காட்டுகிற வழக்கத்தை இது குறிக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி இந்த இடத்துக்கு உரை எழுதும்போது, இஸ்ரேல் நாட்டிலிருந்து வந்த ஓதுவோர் இப்படிச் செய்வதைத் தான் கண்டிருப்பதாகச் சொல்கிறார். இந்தக் கை அசைவுகளின் வடிவமே பின்னால் சில குறிகளின் வடிவமானது என்ற கருத்தும் உண்டு.

கையைவிடச் சுவாரசியமானது கூலி. தல்மூதின் 'நெதாரிம்' பகுதியில் வருகிறது. வேதம் கற்பிப்பதற்குக் கூலி வாங்கக் கூடாது என்பது விதி. கடவுள் மோசேக்கு இலவசமாகக் கற்பித்தார், நீயும் இலவசமாகக் கற்பி. அப்படியானால் ஊர் ஊராகச் சின்னப் பையன்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறானே வாத்தியார், அது எந்தக் கணக்கில்? ரவ் என்பவர் சொல்கிறார்: பிள்ளைகளை மேய்க்கிற கூலி. ரபி யோகனான் சொல்கிறார்: இல்லை, நிறுத்தங்களைக் கற்பிக்கும் கூலி. யோகனானின் விளக்கத்தை ரவ் ஏன் ஏற்கவில்லை என்று தல்மூத் கேட்டு, அதற்குப் பதிலும் சொல்கிறது: நிறுத்தங்களும் தோராவைச் சேர்ந்தவையே என்று ரவ் கருதுகிறார், ஆகவே அதற்கும் கூலி வாங்க முடியாது.

இந்தச் சின்ன உரையாடலை நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். நிறுத்தம் தெய்வீகமானது என்றால் வாத்தியாருக்குச் சம்பளம் கிடையாது. நிறுத்தம் மனுஷ வேலை என்றால் சம்பளம் உண்டு. குறிகளின் தோற்றம் பற்றிய இறையியல் கேள்வி இவ்வளவு பச்சையாகப் பள்ளிக்கூட வாத்தியாரின் வயிற்றோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது. உழைப்பைப் புனிதமாக்கினால் உழைத்தவன் மறைந்துபோவான் என்பதை மார்க்ஸ் வந்துதான் சொல்லணுமா?

தீர்மானிக்கப்படாத நிறுத்தங்கள் இருக்கின்றன என்பதும் அந்த ரபிகளுக்குத் தெரிந்தே இருந்தது. இஸ்ஸி பென் யெகூதா என்பவர் பெயரில் தல்மூத் ஒரு பட்டியல் தருகிறது. தோராவில் ஐந்து இடங்களில் ஒரு சொல் முன்வாக்கியத்தோடு சேருமா, பின்வாக்கியத்தோடு சேருமா என்பதற்குத் தீர்வே இல்லை. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் 'நாளை' என்ற சொல். யோசுவா நாளை போருக்குப் போகணுமா, அல்லது இன்றே போருக்குப் போக, மோசே நாளை குன்றின் மேல் நிற்பாரா? இது அமலேக்கியரோடு நடந்த ஒரு சண்டையின் கால அட்டவணை. எப்படி வைத்துக்கொண்டாலும் பெரிய நஷ்டமில்லை.

உபாகமம் 31:16 அப்படியல்ல. மோசே சாகப் போகிறார். நீ உன் முன்னோர்களோடு படுத்துக்கொள்வாய் என்று கடவுள் சொல்கிறார். அடுத்த சொல் 'எழும்பி' என்பது. அதற்குப் பிறகு, இந்த ஜனங்கள் அந்நிய தெய்வங்களின் பின்னால் போவார்கள் என்று வருகிறது. எழும்புவது யார்? 'எழும்பி'க்கு முன்னால் நிறுத்தினால் எழும்புவது ஜனங்கள். எழும்பிச் சோரம் போகிறார்கள். அதற்குப் பின்னால் நிறுத்தினால் எழும்புவது மோசே. செத்தவர் மறுபடி எழுகிறார். இறந்தோர் உயிர்த்தெழுவது தோராவிலேயே இருக்கிறதா என்று எதிரிகள் கேட்டபோது ரபான் கமலியேல் இந்த வசனத்தைத்தான் காட்டினார் என்கிறது தல்மூதின் 'சன்ஹெத்ரின்' பகுதி. எதிரிகளும் சளைத்தவர்கள் இல்லை. எழும்புவது ஜனங்களாகவும் இருக்கலாமே என்று மடக்கிவிட்டார்கள். ஒரு மூச்சு விடும் இடத்தில் மறுமை என்கிற கொள்கையே தொங்கிக்கொண்டிருக்கிறது.

குறிகள் எழுதப்பட்டபோது என்ன ஆயிற்று? ஐந்து இடங்களிலும் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. மோசே எழவில்லை, எத்னாக்தா 'முன்னோர்கள்' என்ற சொல்லின் கீழே விழுந்தது, எழும்புவது ஜனங்களானார்கள். கமலியேலின் வாசிப்பு விளிம்புக்குப் போய், உரைகளில் மட்டும் உயிர் வாழ்ந்தது. குறி போட்டவர்களை இதற்காகக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்கள் கையாண்ட முறையில் ஒவ்வொரு சொல்லும் ஒன்று அரசனாக இருக்கணும், இல்லையேல் ஊழியனாக இருக்கணும். 'தீர்மானிக்க இயலாது' என்பதற்கு அந்த முறையில் ஒரு குறி இல்லை.

குறி போட்டவர்கள் யார்? கலிலேயாக் கடலோரம் உள்ள திபேரியா நகரத்தின் மசோரா அறிஞர்கள். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் பென் ஆஷெர் குடும்பம் ஐந்து தலைமுறையாக இதே தொழிலில் இருந்தது. கடைசியாக வந்த ஆரோன் பென் ஆஷெர் சுமார் 930இல் குறிகளிட்ட ஒரு முழு வேதப் புத்தகத்தைத்தான் இன்று அலெப்போ ஏடு என்கிறார்கள். அதே காலத்தில் பென் நப்தலி என்பவரின் வழியும் இருந்தது. பாபிலோனில் வேறொரு குறிமுறை, எழுத்துக்கு மேலே போடப்படுவது. பாலஸ்தீனத்திலேயே திபேரியா அல்லாத இன்னொரு முறையும் இருந்தது. இவை பெரும்பாலும் மறக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ ஜெபக்கூடத்தின் பழைய காகிதக் குவியலிலிருந்து துண்டு துண்டாக வெளிவந்தன. திபேரியா முறைதான் இயல்பானது, ஒரே ஒரு சரியான முறை என்று ஆனது பல முறைகள் தோற்றதனால்தான். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிதெஸ் எகிப்தில் இருந்தபோது, பென் ஆஷெர் திருத்திய புத்தகத்தையே தோராவின் பத்திப் பிரிப்புக்கு ஆதாரமாகக் கொண்டதாக எழுதினார். அவ்வளவு பெரிய மனுஷர் சொல்லிவிட்ட பிறகு மற்றவர்கள் கதை முடிந்தது.

அந்தப் புத்தகத்தின் கதையும் கேட்கத் தக்கது. ஜெருசலேமில் இருந்ததைச் சிலுவைப் போராளிகள் 1099இல் கொள்ளையிட்டார்கள். எகிப்து யூதர்கள் பணம் கொடுத்து மீட்டார்கள். பிறகு சிரியாவின் அலெப்போ நகருக்குப் போய் நூற்றாண்டுக்கணக்கில் அங்கே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. 1947 நவம்பரில் பாலஸ்தீனத்தைப் பிரிக்க ஐ.நா. வாக்களித்ததும் அலெப்போவில் கலவரம் மூண்டு ஜெபக்கூடம் எரிக்கப்பட்டது. புத்தகம் 1958இல் ஜெருசலேம் வந்து சேர்ந்தபோது 294 தாள்கள்தான் இருந்தன. தோராவில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியிருப்பது உபாகமம் 28:17இலிருந்துதான். அதாவது தல்மூத் சொன்ன ஐந்து தீராத இடங்களில் நான்கை ஆரோன் பென் ஆஷெரின் கையெழுத்தில் இனி நாம் பார்க்க முடியாது. மோசே எழுவாரா என்ற ஒன்று மட்டும் தப்பித்திருக்கிறது. முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய பிரதி 1008ஆம் ஆண்டின் லெனின்கிராட் ஏடு. நகரத்தின் பெயர் மறுபடி பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது. ஏட்டின் பெயர் மாறவில்லை.

குறி போட்டவர்கள் வெறுமனே மரபை எழுதி வைத்தார்களா, அல்லது தங்கள் காலத்தின் கவலைகளையும் அதில் ஏற்றினார்களா? இரண்டும்தான். பெரும்பாலான இடங்களில் அவர்களுடைய வெட்டு வாக்கிய அமைப்புக்கு மிக நுட்பமாகப் பொருந்துகிறது. ஆனால் 1 சாமுவேல் 3:3ஐப் பாருங்கள். சிறுவன் சாமுவேல் தேவாலயத்தில், கடவுளின் பெட்டி இருக்கும் இடத்தில் படுத்துக் கிடக்கிறான். விளக்கு இன்னும் அணையவில்லை. சாதாரணமாக வாசித்தால் பையன் படுத்திருப்பது கோயிலுக்குள். பிற்காலத்து ரபிகளுக்கு இது பொறுக்கவில்லை. கோயில் முற்றத்தில் உட்காரவே தாவீதின் வம்சத்து அரசர்களைத் தவிர வேறு யாருக்கும் உரிமையில்லை என்று சட்டம் வைத்திருப்பவர்கள், ஒரு பொடியனைப் பெட்டிக்குப் பக்கத்தில் தூங்க விடுவார்களா? ஆகவே 'படுத்திருந்தான்' என்ற சொல்லின் கீழே எத்னாக்தா. அங்கே நிறுத்து. 'தேவாலயத்தில்' என்பதை அடுத்த பாதிக்குத் தள்ளு. இப்போது கோயிலில் இருப்பது விளக்கு; பையன் வேறெங்கோ அவன் இடத்தில் படுத்திருக்கிறான். ஒரு எழுத்தும் மாற்றப்படவில்லை. சொற்களின் வரிசையும் மாறவில்லை. பையனைக் கோயிலிலிருந்து வெளியேற்றுவதற்கு ஒரு குறி போதுமானதாக இருந்தது. பிரதியைத் திருத்துவது பாவம் என்று நம்புகிற சமூகத்தில் தணிக்கை இந்த வடிவத்தில்தான் வர முடியும்.

நிறுத்தம் போடாமலும் தணிக்கை செய்யலாம். ஆதியாகமம் 35:22இல் யாக்கோபின் மூத்த மகன் ரூபன் தன் தகப்பனின் மறுமனையாட்டியோடு படுக்கிறான். யாக்கோபுக்கு அது தெரிய வருகிறது. உடனே, யாக்கோபின் மகன்கள் பன்னிரண்டு பேர் என்று சம்பந்தமே இல்லாமல் பட்டியல் தொடங்குகிறது. இந்த இடத்தில் இரண்டு வகைக் குறிகள் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு வகையில் ரூபன் சேதி தனி வசனமாக முடிகிறது. இன்னொரு வகையில் நிறுத்தாமல் அப்படியே பன்னிரண்டு மகன்களுக்கு ஓடிவிடலாம். சபையில் மூச்சு வாங்க அவகாசம் தராமல் அவமானத்தைத் தாண்டிப் போக ஒரு வழி. இந்தச் சம்பவத்தை ஓதலாம், ஆனால் சபைக்குப் புரிகிற அரமேய மொழியில் பெயர்த்துச் சொல்லக் கூடாது என்று மிஷ்னா ஏற்கெனவே விதித்திருந்தது. இதே இரட்டைக் குறி பத்துக் கட்டளைகளுக்கும் உண்டு. ஒன்றின்படி வாசித்தால் கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி நான்கும் ஒரே வசனம்; மற்றதன்படி நான்கும் தனித்தனி வசனம், ஒவ்வொன்றும் தனித்து இடிபோல விழும். நிறுத்தம் மாறும்போது சில சொற்களின் உயிரொலியே மாறுகிறது.

ரொம்ப அபூர்வமான ஒரு குறியையும் சொல்ல வேண்டும். 'ஷல்ஷெலெத்', சங்கிலி என்று அர்த்தம். மின்னல் கோடு மாதிரி சொல்லின் மேல் நிற்கும். நீண்டு வளைந்து ஏறி இறங்கும் ராகம். தோரா முழுக்க நான்கே இடங்களில் வருகிறது. அதில் ஒன்று, போத்திபாரின் மனைவி யோசேப்பைத் தன்னோடு படுக்க அழைத்ததும் வரும் 'மறுத்தான்' என்ற சொல். எழுத்தில் ஒரே சொல், தெளிவான மறுப்பு. வாயில் வரும்போது அந்த மறுப்பு அலைந்து அலைந்து, விழுந்து எழுந்து வருகிறது. யோசேப்பு தயங்கினான், ஆசைப்பட்டான், தன்னோடு மல்லுக்கட்டினான் என்று பிரசங்கிகள் விளக்குகிறார்கள். எழுத்து சொல்லாததை ராகம் சொல்லிவிடுகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. புனிதரின் உடம்பு அந்தச் சங்கிலியில் சத்தம் போடுகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் வார்த்தைக்கு இப்படியொரு குறியைப் போட யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் கவனிக்கணும்.

யூதர்களுக்குள் மட்டும் இந்தத் தகராறு நின்றுவிடவில்லை. ஏசாயா 40:3இல் ஒரு குரல் கூப்பிடுகிறது. 'வனாந்தரத்தில்' என்ற சொல் குரலோடு சேருமா, பாதையோடு சேருமா? எபிரேயக் குறி 'கூப்பிடுகிறது' என்பதற்குப் பின்னால் நிறுத்துகிறது. குரல் எங்கிருந்தோ வருகிறது. பாதை போட வேண்டிய இடம்தான் வனாந்தரம். அடுத்த வரியிலும் பாலைவெளியில் பாதை என்றே வருவதால் செய்யுள் அமைப்புக்கு இது பொருந்துகிறது. குறிகள் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பு சாக்கடலோரம் கும்ரானில் இருந்த குழுவினரும் இப்படித்தான் வாசித்தார்கள்; தாங்கள் வனாந்தரத்துக்குப் போனதற்கே இந்த வசனத்தை ஆதாரமாகச் சொன்னார்கள். ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாகச் சுவிசேஷங்களுக்குள் வந்தபோது, வனாந்தரத்தில் நின்று கூப்பிடுவது குரல் என்றானது. அந்தக் குரல் யோவான் ஸ்நானகன் ஆனார். தமிழ்க் கிறித்தவர்களிடம் பரவலாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலும் ஏசாயாவின் குரல் வனாந்தரத்திலேதான் கூப்பிடுகிறது. தமிழில் வாசிக்கிற எவருக்கும் இந்த இடத்தில் ஒரு நிறுத்தம் இடம் மாறியிருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

16ஆம் நூற்றாண்டில்தான் விவகாரம் வெளிப்படையாக வெடித்தது. எலியா லெவிதா என்ற ஜெர்மானிய யூதர், இத்தாலியில் ஒரு கார்டினலின் வீட்டில் குடும்பத்தோடு தங்கி அவருக்கு எபிரேயம் கற்பித்தவர். பிற மதத்தானுக்கு வேதமொழி சொல்லிக்கொடுக்கலாமா என்று சொந்த ஜனங்கள் திட்டினார்கள். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது உடைமைகளை இழந்து வெனிஸுக்குப் போய் அச்சகத்தில் வேலை பார்த்தார். 1538இல் ஒரு புத்தகம் போட்டார். உயிர்க்குறிகளும் ஓதற்குறிகளும் சீனாய் மலையில் மோசேக்குக் கொடுக்கப்பட்டவையல்ல, எஸ்றா காலத்தவையும் அல்ல; தல்மூத் முடிந்த பிறகு திபேரியாக்காரர்கள் போட்டவை என்று அதில் சொன்னார். தல்மூத் எங்குமே இந்தக் குறிகளின் பெயரைச் சொல்லவில்லையே என்பது அவருடைய எளிமையான, பலமான வாதம். வாசிப்பு மரபு பழையது, குறி புதியது என்றுதான் அவர் பிரித்துப் பேசினார். ஆனால் கேட்டவர்கள் காதில் அப்படி விழவில்லை.

அதிகம் அதிர்ந்தவர்கள் புரொட்டஸ்டண்டுகள். வேதம் மட்டுமே போதும், திருச்சபையின் மரபு வேண்டாம் என்பதுதானே அவர்கள் கட்சி. வேதத்தை வாசிக்கத் தேவையான குறிகளே பிற்காலத்து ரபிகள் போட்டவை என்றால் அந்தக் கட்சி என்ன ஆவது? பாருங்கள், மரபு இல்லாமல் உங்கள் வேதத்தை வாசிக்கவே முடியாது என்று ழான் மோரன் போன்ற கத்தோலிக்க அறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாசெல் நகரத்து பக்ஸ்டார்ஃப் 1620இல் குறிகளின் பழமையை நிறுவ 'திபேரியா' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். 1624இல் பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டான லூயி கப்பெல், லெவிதா சொன்னதுதான் சரி என்று எழுதினார். ஆனால் தன் பெயரைப் போடாமல் லெய்டனில் அச்சிட வேண்டியிருந்தது. பக்ஸ்டார்ஃபின் மகன் 1648இல் மறுப்பு எழுதினார். இந்தச் சண்டையில் யூதர்களை வெறுத்தவர்களும் யூத வாத்தியார்களின் குறிகளுக்காக உயிரைக் கொடுத்து வாதாடினார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஸ்பினோசா 1670இல் பெயரில்லாமல் வெளியிட்ட இறையியல்-அரசியல் நூலில் இதைச் சுருக்கமாகவே முடித்துவிட்டார். குறிகளும் உயிர்ப்புள்ளிகளும் பிற்காலத்து மனிதர்களின் வேலை, அவர்களுடைய அதிகாரம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் நிலை. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சபையிலிருந்து சபித்து வெளியேற்றப்பட்டவர் அவர். அதே ஆள் எழுதிய எபிரேய இலக்கணத்தில் ஓதற்குறிகளுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதிகாரத்தை மறுத்தவர் குறிகளைக் கற்காதவர் இல்லை. ஐந்தே ஆண்டில், 1675இல், சுவிஸ் சபைகள் கூடி ஒரு விசுவாசப் பிரகடனம் இயற்றின. மெய்யெழுத்துகள் மட்டுமல்ல, உயிரொலிகளும் தெய்வ ஏவுதலே. புள்ளிகளே அப்படி, குறைந்தபட்சம் புள்ளிகளின் ஆற்றலாவது அப்படி என்று அது அறிவித்தது. அந்தக் 'குறைந்தபட்சம்' என்ற பின்வாங்கலிலேயே தோல்வி எழுதப்பட்டிருக்கிறது. பிரகடனத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான ஜெனிவாவின் துர்ரெத்தினுடைய மகனே அடுத்த தலைமுறையில் அதை அங்கே கைவிடச் செய்தார்.

இவ்வளவு சண்டையிலும் ஒன்று மட்டும் யார் கையிலும் சிக்கவில்லை. குறி நிறுத்தத்தைத்தான் பூட்டியது. ராகத்தைப் பூட்ட முடியவில்லை. ஒரே குறியை யெமன் யூதர் ஒருவிதமாக, பாக்தாத் யூதர் ஒருவிதமாக, போலந்து யூதர் இன்னொருவிதமாக ஓதுகிறார்கள். ஜெர்மானியர் ஓதும் ராகத்தை ராய்க்லின் 1518இலேயே ஐரோப்பிய இசைக்குறியில் அச்சிட்டார். இதெல்ஸோன் ஜெருசலேமில் பல நாட்டு யூதர்களிடம் கேட்டுத் தொகுத்தது 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. ஒரே ஊரிலும் தோராவுக்கு ஒரு ராகம், தீர்க்கதரிசிகளுக்கு ஒரு ராகம், புலம்பலுக்கு வேறு. எஸ்தரின் கதையைக் கொண்டாட்டமாக ஓதிக்கொண்டே போகிறவர், எருசலேமிலிருந்து ஜனங்கள் சிறைபிடிக்கப்பட்டுப் போனதைச் சொல்லும் வசனம் வந்ததும் சட்டென்று புலம்பலின் ராகத்துக்கு மாறுவது கிழக்கு ஐரோப்பிய வழக்கம். புத்தகத்தில் அதற்குக் குறி கிடையாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆதி ராகத்தைக் குறிகளிலிருந்து கண்டுபிடித்துவிட்டதாக 1976இல் பிரான்சில் ஒரு நூல் வந்தது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை.

யார் நிறுத்துவது என்ற கேள்வியின் இன்னொரு பாதி, யாருடைய வாய் என்பது. ஓய்வுநாளில் தோரா ஓத அழைக்கப்படும் ஏழு பேரில் எல்லோரும் இருக்கலாம், சிறுவனும் பெண்ணும்கூட, என்றுதான் தல்மூதின் 'மெகில்லா' பகுதி சொல்லத் தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே, ஆனால் பெண் ஓத வேண்டாம் என்று ஞானிகள் சொன்னார்கள், சபையின் கௌரவத்தை முன்னிட்டு என்று முடிக்கிறது. பெண்ணால் ஓத முடியாது என்றோ, பெண் குரல் அசுத்தம் என்றோ அந்த இடத்தில் காரணம் சொல்லப்படவில்லை. கௌரவம், அவ்வளவுதான். இந்த வசதியான சொல் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வேலை செய்தது. 1988இல் ஜெருசலேமின் மேற்குச் சுவர் அருகே பெண்கள் கூடித் தோராச் சுருளிலிருந்து ஓதியபோது அவர்களை நோக்கி வந்த வசவுகளிலும் இதே கௌரவம்தான் கத்தியது.

அதற்கு அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன், 1922 மார்ச் 18 அன்று, நியூயார்க்கில் ரபி மோர்தெகாய் காப்லான் தன் பன்னிரண்டு வயது மகள் ஜூடித்தைச் சபைமுன் ஓத அழைத்தார். பையன்களுக்கு மட்டும் பதின்மூன்று வயதில் நடந்து வந்த சடங்கு ஒரு பெண்ணுக்கு அமெரிக்காவில் வெளிப்படையாக நடந்தது அதுதான் முதல்முறை என்பார்கள். ஆனால் சுருளை அவள் கையில் கொடுக்கவில்லை. சுருளுக்குச் சற்றுத் தள்ளி நின்று தன் சொந்த அச்சுப் புத்தகத்திலிருந்து ஓதினாள். நிறுத்தமும் உயிரும் எல்லாம் குறிக்கப்பட்டிருந்த புத்தகம். குறியில்லாத பிரதி அப்போதும் ஆண்களிடமே இருந்தது. அந்தப் பெண் பின்னாளில் யூத இசை பற்றி ஆராய்ந்து எழுதுகிறவராகவும் கற்பிப்பவராகவும் ஆனார்.